பத்தடிக்குப் பத்தடி

பிப்ரவரி 5, திங்கள்

கடையைப் பழைய ஆள் சுந்தரபாண்டியிடம் விட்டுவிட்டு மாதவரம் போய்வந்தேன். அங்கே புதுசாக ஒரு தொழில் நடக்கிறது. பழைய இரும்பு கோடவுன் ஒன்றை வாங்கி, உள்ளே தகரத்தால் தடுத்து அறை அறையாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஷட்டர் போட்டு வாடகைக்கு விடுகிறார்கள். வீடு மாறுகிறவர்கள், வெளிநாடு போகிறவர்கள் சாமானை வைத்துவிட்டுப் போகலாம். பூட்டு நம்முடையது, சாவி நம்மிடம். ஐந்துக்கு ஐந்து, ஐந்துக்குப் பத்து, பத்துக்குப் பத்து, பத்துக்குப் பதினைந்து என்று நாலு அளவு. உள்ளே ஆள் தங்கக்கூடாது, அரிசி பருப்பு வைக்கக்கூடாது. மற்றபடி எதையும் வைக்கலாம்.

முப்பத்தோரு வருஷமாகப் பாத்திர மொத்த வியாபாரம் செய்கிறவனுக்கு இடம் அளக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாடகை சதுர அடிக்குத்தான், உயரம் இனாம். அதனால் தரையைப் பார்க்குமுன் கூரையைப் பார்த்தேன். ஒன்பதடி என்றார்கள். டேப் பிடித்தால் எட்டே முக்கால். சொன்னதும் அங்கே பொறுப்பில் இருக்கிற நஸ்ரீன் என்கிற பெண் சிரித்துவிட்டு வாடகையில் கொஞ்சம் இறங்கினாள்.

என்ன சாமான் என்று கேட்டாள். மகள் வீடு மாறுகிறாள் என்றேன்.

"உபயோகிச்ச சாமானா சார், இல்ல பேக்கிங் பிரிக்காததா?"

ஆறு வருஷம் குடும்பம் நடத்திய சாமான் என்றேன். அப்படியென்றால் பெரிசாகவே எடுங்கள், பிரித்த சாமான் இடம் பிடிக்கும் என்றாள். சரியாகத்தான் சொன்னாள். புதுப் பாத்திரம் ஒன்றுக்குள் ஒன்று உட்காரும். புழங்கிய பாத்திரத்துக்கு விளிம்பு நெளிந்திருக்கும், மூடி சேராது, தனித்தனியாகத்தான் நிற்கும்.

நஸ்ரீனுக்குச் சொன்னது அது. இங்கே உண்மையை எழுதிவிடுகிறேன். மகள் செண்பகவல்லியின் கல்யாணம் முடிந்துபோயிற்று. போன மாசக் கடைசியில் வேலூரில் வக்கீல் முன்னால் இரண்டு பக்கமும் பிரிவுக்குக் கையெழுத்துப் போட்டாயிற்று, கோர்ட் வேலை மட்டும் பாக்கி. நாங்கள் கொடுத்த சீர் சாமானைப் பதினைந்தாம் தேதிக்குள் எடுத்துக்கொள்ளவேண்டும். பிள்ளை இப்போது கீழ்ப்பாக்கத்தில் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் இருக்கிறாள். ஒரு மாசம் போகட்டும். தெருவில் பேச்சு எழுந்து அடங்கட்டும். வீட்டுக்கு அழைத்துக்கொண்டு வந்துவிடுவேன். எனக்கு இப்போது வேண்டியது அது ஒன்றுதான்.

சாமானும் அதுவரைக்கும் வெளியே இருக்கட்டும். சீர் போனபோது திறந்த லாரியில் போனது, புரசைவாக்கம் கடைத்தெருவே வாசலில் நின்று பார்த்தது. திரும்பி வருவதை யாரும் பார்க்கவேண்டாம்.

பிப்ரவரி 6, செவ்வாய்

சீர் லிஸ்ட்டைத் தேடி எடுத்தேன். என் கையெழுத்துதான். தேக்குக் கட்டில், மெத்தை, பீரோ, கண்ணாடி மேஜை, ஃபிரிட்ஜ், எவர்சில்வரும் பித்தளையுமாகப் பாத்திரம் நூற்றியொன்று.

பிறகு அனுப்பியது இதில் இல்லை. ஞாபகத்திலிருந்து எழுதுகிறேன். இடம் கணக்குப் போட அதுவும் வேண்டும்.

கிரைண்டர். கல்யாணம் ஆன வருஷம் ஆடிக்கு வந்தவள், நாள் முடிந்தும் கிளம்பவில்லை. கேட்டதற்கு, அங்கே இருக்கிற கிரைண்டர் நின்று நின்று போகிறது, மாவு சரியில்லை என்று தினமும் திட்டு விழுகிறது என்றாள். புதுசு ஒன்று வாங்கி வண்டியில் ஏற்றி, அவளையும் ஏற்றி அனுப்பினேன். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி.

வாஷிங் மெஷின். இரண்டாவது வருஷம். ஒரு பையோடு வந்து நாலு நாள் இருந்தாள். நிறையச் சொன்னாள். வீட்டில் ஆறு பேர் துணியையும் கையால் துவைப்பதாகவும் சொன்னாள். அவள் சொன்னதில் என்னால் தீர்க்க முடிந்தது அது ஒன்றுதான். இரண்டடிக்கு இரண்டடி.

டிவி. மாப்பிள்ளை கேட்டார்.

ஏசி. நாலாவது வருஷம் சித்திரையில். பதினோரு நாள் இருந்தாள். ராத்திரியில் மொட்டைமாடியில் தனியாகப் படுத்துக்கொள்வதாகச் சொன்னாள். வேலூர் வெயில் அப்படி. பெட்டி இரண்டு, நிற்க வைத்தால் மூன்றடிக்கு ஒன்றரை அடி.

சோபா. போன வருஷம். அதற்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை, வந்து அழுதுகொண்டிருந்தாள். நானாகத்தான் வாங்கினேன்.

எல்லாம் சேர்த்தால் பத்துக்குப் பத்து கட்டாயம் வேண்டும்.

பிப்ரவரி 8, வியாழன்

காலையில் மொட்டைமாடியில் சாக்பீஸால் பத்தடிக்குப் பத்தடி கட்டம் போட்டேன். உள்ளே கட்டில் இங்கே, பீரோ இங்கே, பாத்திரச் சாக்கு இந்த மூலையில், நடுவில் ஆள் போக ஒன்றரை அடி என்று கோடு போட்டுப் பார்த்தேன். எனக்கு எப்போதும் இதுதான் வழக்கம். தரையில் போட்டுப் பார்க்காமல் ஒரு லோடு கூட நான் எடுத்ததில்லை.

துணி காயப்போட வந்த என் மனைவி ராஜகனி பக்கெட்டோடு நின்று பார்த்தாள். எது எது எங்கே என்று கேட்டாள். விளக்கினேன்.

"சாமானுக்கு இடம் போட்டாச்சு. பிள்ளைக்கு?"

ஒரு மாசம்தானே என்றேன். அவள் கட்டத்தின் குறுக்கே நடந்து போய் துணியைப் போட்டாள். ஈரத்தில் கோடு கொஞ்சம் அழிந்துவிட்டது. மறுபடி போட்டேன்.

பிப்ரவரி 9, வெள்ளி

பத்துக்குப் பத்து எடுத்தாயிற்று. அறை எண் 47. பூட்டு புதுசு.

பிப்ரவரி 11, ஞாயிறு

ஹாஸ்டலுக்குப் போனேன். ஆண்கள் உள்ளே போகக்கூடாது, வாசல் பக்கத்தில் நாலு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருக்கிறார்கள், அதில்தான் உட்காரவேண்டும். ஒரு அறைக்கு நாலு பேராம். மின்சாரக் கெட்டில் ஒன்றும் ஃபிளாஸ்க் ஒன்றும் வாங்கிப் போயிருந்தேன். கெட்டில் இங்கே வைக்க விடமாட்டார்கள் என்று திருப்பிக் கொடுத்தாள். ஃபிளாஸ்க்கை வாங்கிக்கொண்டாள்.

இளைத்திருக்கிறாள். கடை எப்படிப் போகிறது என்று கேட்டாள், சுந்தரபாண்டி மாமாவுக்கு முழங்கால் வலி தேவலையா என்று கேட்டாள். கோயம்புத்தூரில் ஏதோ மில் ஆபீசுக்கு எழுதிப் போட்டிருப்பதாகச் சொன்னாள். அதெல்லாம் எதற்கு, ஒரு மாசம் பொறு, வீட்டுக்கு வந்துவிடலாம் என்றேன்.

சரிப்பா என்றாள். சின்ன வயசிலிருந்தே அவள் எதற்கும் சரிப்பா என்றுதான் சொல்வாள். எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாத பிள்ளை.

பிப்ரவரி 14, புதன்

மூடிய வண்டி ஒன்று பேசி, சுந்தரபாண்டியையும் லோடுமேன்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வேலூர் போனேன். சம்பந்தி வாசலில் நின்று வாங்க என்றார். மாப்பிள்ளை இல்லை. காப்பி கொடுத்தார்கள், குடித்தேன். குடிக்காமல் இருந்திருக்கலாம்.

சாமான் எல்லாம் மாடியில் ஓர் அறையில் இருந்தது. சம்பந்தியம்மா இடுப்புச் சாவியால் திறந்தார்.

"நாங்க ஒண்ணையும் தொடலைங்க. நீங்க கொடுத்தது கொடுத்தபடி இருக்கு. லிஸ்ட்டை வச்சு சரிபாத்துக்குங்க" என்றார் சம்பந்தி. பெருமையாகத்தான் சொன்னார்.

சரிபார்த்தேன். ஒன்று குறையவில்லை. கீறல் இல்லை, நெளிசல் இல்லை, எல்லாம் பெட்டி பெட்டியாக இருந்தது. வண்டி ஏற்ற வசதியாகக் கட்டி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் எனக்குத் திருப்தியாகக்கூட இருந்தது. இதை எழுதாமல் விடலாம். ஆனால் இருந்தது.

பிப்ரவரி 15, வியாழன்

காலை ஏழு மணிக்கு மாதவரத்தில் இறக்க ஆரம்பித்தோம். பெரிய சாமான் சுவரோரம், பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று. மத்தியானம் வரைக்கும் ஆகும் என்று ஆட்களுக்குச் சொல்லியிருந்தேன். எட்டரைக்கெல்லாம் வண்டி காலி. அறையில் பாதிக்கு மேல் வெறும் தரை.

"இன்னொரு நடை பாக்கி இருக்கா அண்ணாச்சி?" என்று சுந்தரபாண்டி கேட்டான்.

என் கணக்கு தப்பியதில்லை. லிஸ்ட்டை மறுபடி பார்த்தேன். எல்லாம் வந்திருக்கிறது. ஆட்களை டீ குடிக்க அனுப்பிவிட்டு ஒவ்வொரு பெட்டியாகப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன்.

பாத்திரப் பெட்டிகளில் ஒட்டியிருந்தது எங்கள் கடை டேப். வேலூரில் ஒட்டியதில்லை, கல்யாணத்துக்கு முன்னால் நாங்கள் ஒட்டியது. ஒன்றைக் கிழித்தேன். அண்டாவுக்குள் தவலை, தவலைக்குள் குண்டான், குண்டானுக்குள் சின்ன குண்டான், நடுநடுவே கீறாமல் இருக்க நாங்கள் வைக்கிற செய்தித்தாள். தேதி 2018 ஜனவரி. கட்டில் சட்டமும் காலும் தனித்தனியாகச் சாக்கில் சுற்றி, போல்ட் பொட்டலம் முடிச்சு அவிழாமல். மெத்தை பிளாஸ்டிக் உறையோடு. கிரைண்டர், வாஷிங் மெஷின், டிவி, ஏசி எல்லாம் கம்பெனி பட்டை கட்டியபடி. எல்லாம் நேற்று என் கண்ணால் பார்த்தவைதான். நேற்று சேதாரம் இருக்கிறதா என்று பார்த்தேன்.

புழங்கிய சாமானுக்கு இடம் கணக்குப் போட்டிருக்கிறேன். புழங்கவே இல்லை.

காலி இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். ஆட்கள் திரும்பி வருகிற சத்தம் கேட்டதும் ஷட்டரை இறக்கினேன்.

பிப்ரவரி 16, வெள்ளி

கட்டிலைச் சேர்க்கவே இல்லை என்றால் ஆறு வருஷம் அவள் எதில் படுத்தாள்.

பிப்ரவரி 17, சனி

ராஜகனியிடம் கேட்டேன். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அந்த வீட்டில் ஒரு பெண் கட்டிக்கொடுக்க இருக்கிறாள், செண்பகாவுக்கு நாத்தனார். சீர் போய் இறங்கிய வாரமே எல்லாவற்றையும் மாடியில் வைத்துப் பூட்டிவிட்டார்களாம், அந்தப் பெண்ணின் கல்யாணத்துக்கு ஆகும் என்று. நம் பிள்ளை அந்த வீட்டில் பழைய ஈயப் பாத்திரத்தில் சமைத்திருக்கிறாள்.

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"முதல் வருஷமே சொன்னா. நீங்கதான் பத்திரமா இருந்தா சரின்னு சொன்னீங்க."

நான் அப்படிச் சொல்லியிருப்பேன். சொன்ன ஞாபகம் இல்லை, ஆனால் அது என் பேச்சுதான்.

இன்னொன்றையும் எழுதவேண்டும். எங்கள் கடையில் பேர் வெட்டுகிற மெஷின் இருக்கிறது. சீர்ப் பாத்திரம் எடுக்க வருகிற ஒவ்வொரு வீட்டாருக்கும் பெண்ணின் பேரை வெட்டிக் கொடுக்கிறோம். பேர் வெட்டினால்தான் அது பெண்ணுடைய சாமான், மாமியாரே ஆனாலும் இன்னொருத்திக்கு எடுத்துக் கொடுக்க முடியாது. ஆனால் பேர் வெட்டின பாத்திரம் மறுபடி விற்கப் போனால் வெறும் எடைக்குத்தான் போகும். அதனால் என் மகள் பாத்திரத்தில் நான் வெட்டவில்லை. பெட்டி கட்டும்போது அவள் பக்கத்தில் வந்து, என் பேர் போடலையாப்பா என்று கேட்டாள். நாளைக்கு ஒரு அவசரம் என்றால் புதுச் சரக்காகவே விற்கலாம், உனக்குத்தான் நல்லது என்றேன். புத்திசாலித்தனம் என்று நினைத்தேன். சம்பந்தியம்மா என்னைவிட நல்ல வியாபாரி. பேர் இல்லை என்பதை முதல் நாளே பார்த்திருக்கிறார்.

அப்புறம் அந்த கிரைண்டரும் மெஷினும். அவள் வந்து நிற்கிற ஒவ்வொரு தடவையும் ஒரு சாமான் போயிருக்கிறது. கேட்டதும் சரக்கு எடுத்துக் கொடுக்கிற கடைக்குத்தான் ஆள் மறுபடி மறுபடி வரும். இது எனக்குத் தெரியாத விஷயமா. அவர்கள் அவளை விரட்ட விரட்ட நான் அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

பிப்ரவரி 20, செவ்வாய்

நஸ்ரீன் போன் செய்தாள். பாதி அறை சும்மா கிடக்கிறதே சார், ஐந்துக்குப் பத்து போதும், மாற்றித் தருகிறேன், கொடுத்த முன்பணத்தைக் கழித்துக்கொள்ளலாம் என்றாள். நேர்மையான பெண். வேறு நாளாக இருந்தால் உடனே சரி என்றிருப்பேன். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

பிப்ரவரி 22, வியாழன்

ஹாஸ்டலுக்கு அவளாகத்தான் போனாள் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ராஜகனியிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். பொய்யில்லை. ஆனால் முழுசும் இல்லை.

ஜனவரி பதினெட்டு, வியாழக்கிழமை. பதினொரு மணி இருக்கும். கடையில் மொத்தக் கொள்முதலுக்கு திருவண்ணாமலைக்காரர் வந்து உட்கார்ந்திருந்தார். போன் வந்தது.

"அப்பா, சென்ட்ரல்ல நிக்கிறேன். வந்துட்டேன்பா."

நான் கேட்டது இதுதான்: "எத்தனை நாளைக்கு?"

வேறு ஒன்றும் கேட்கவில்லை. திட்டவில்லை, வராதே என்று சொல்லவில்லை. படுக்க இடம் பார்க்கவேண்டுமே என்பதற்காகத்தான் கேட்டேன். ஏனென்றால் அவள் அறையில் இடமில்லை. கல்யாணம் முடிந்த நாலாம் நாள் அந்த அறையில் சரக்கு ஏற்றினேன். கடைக்கு நேர் மேலே, படி ஏறினால் முதல் கதவு, இதைவிட வசதியான கோடவுன் கிடைக்காது. டிபன் பாக்ஸ், வாட்டர் பாட்டில், சம்படம் என்று கூரை வரைக்கும் பெட்டி. ஒவ்வொரு தடவை அவள் வந்தபோதும் ஹாலில் சோபாவுக்கும் டிவிக்கும் நடுவேதான் படுத்தாள். கடை திறக்க நான் ஐந்து மணிக்கு எழுந்து அவளைத் தாண்டித்தான் போவேன்.

போனில் அவள், நான் ஹாஸ்டல் பாத்துக்கிறேன்பா என்றாள். நான் சரி என்றேன். திருவண்ணாமலைக்காரருக்கு டீ சொன்னேன்.

பிப்ரவரி 25, ஞாயிறு

செண்பகாவை மாதவரத்துக்குக் கூட்டிப் போனேன். வேண்டியதை எடுத்துக்கொள்ளட்டும் என்றுதான் கூப்பிட்டேன். ஷட்டரைத் தூக்கினதும் வாசலிலேயே நின்றுவிட்டாள். பிறகு உள்ளே வந்து கட்டில் சட்டத்தின் சாக்கைத் தொட்டுப் பார்த்தாள். அது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"எதுக்குப்பா இவ்ளோ பெரிசா எடுத்தீங்க?"

"புழங்கின சாமான்னு நினைச்சேன்."

"நான் சொன்னேனேப்பா."

"சொன்னே."

கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாஷிங் மெஷின் பெட்டிமேல் உட்கார்ந்தாள். கோயம்புத்தூர் வேலை கிடைத்துவிட்டதாம், மில் ஆபீசில் கணக்கு எழுதுகிற வேலை. மார்ச் பதினொன்றாம் தேதி சேரவேண்டும். கூட வேலை செய்யப்போகிற ஒரு அம்மா மூலமாக ஒரு அறை பார்த்து முன்பணமும் கொடுத்துவிட்டாள். எல்லாம் இரண்டு வாரத்தில் அவளே செய்திருக்கிறாள்.

"ரூம் எவ்வளவு பெரிசு?" என்றேன். என் வாயில் முதலில் வந்தது அதுதான்.

"அளக்கலைப்பா. சாவி என்கிட்ட இருக்கு, அது போதும்."

நான் பேசினேன். வேலை வேண்டாம், வீட்டுக்கு வா, உன் அறையை ஒழித்துத் தருகிறேன், கடைக் கணக்கை நீயே பார் என்றேன். கேட்டுக்கொண்டிருந்தாள். போயே தீரவேண்டும் என்றால் கட்டிலையும் ஃபிரிட்ஜையும் பாத்திரத்தையும் நாளைக்கே கோயம்புத்தூர் வண்டியில் போடுகிறேன் என்றேன்.

"எனக்கு எதுவும் வேண்டாம்பா. வித்திருங்க. பேர்தான் வெட்டலையே."

வெளியே யாரோ தள்ளுவண்டியில் பீரோ தள்ளிக்கொண்டு போனார்கள்.

கிளம்புவதற்கு முன்னால் ஒரு நாளாவது வீட்டுக்கு வா பாப்பா என்றேன்.

"வந்தா எங்கப்பா உக்கார்றது?"

குத்திக் காட்டிக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டாள்.

மார்ச் 2, சனி

அவள் அறையிலிருந்த சரக்கு முழுவதையும் மாதவரத்துக்கு ஏற்றினேன். மூடிய வண்டி வேண்டாம் என்று சொல்லி நம் டெம்போவிலேயே, பகலிலேயே, மூன்று நடை.

எதிர்க்கடை பிளாஸ்டிக் எபனேசர் வாசலுக்கு வந்து, என்ன அண்ணாச்சி, கோடவுன் மாத்துறீங்களா என்றார். மகள் வர்றா, ரூம் ஒழிக்கிறேன் என்றேன். மாப்பிள்ளையும் வர்றாரா என்று கேட்டார்.

"இல்ல எபனேசர். அது முடிஞ்சுபோச்சு."

தெருவில் நின்று, நாலு பேர் காதில் விழுகிற மாதிரி சொன்னேன். எபனேசர் தெருவைத் தாண்டி வந்தார். பிள்ளை நல்லா இருக்கில்ல என்று கேட்டார். டெம்போவில் கடைசிப் பெட்டியை ஏற்ற ஒரு கை கொடுத்தார். அவ்வளவுதான். இதற்குப் பயந்துதான் ஒன்றரை மாசமாகப் பிள்ளையை ஹாஸ்டலில் விட்டு வைத்திருந்தேன்.

சீரும் சரக்கும் சேர்ந்ததும் 47ஆம் அறை நிறைந்துவிட்டது. ஷட்டர் உரசாமல் இறங்கியது, நடுவில் ஆள் போக ஒன்றரை அடி. நஸ்ரீன் எட்டிப் பார்த்து, சரியான அளவுதான் சார் எடுத்திருக்கீங்க, நான்தான் தப்பாச் சொல்லிட்டேன் என்றாள்.

மார்ச் 5, செவ்வாய்

அறைக்கு வெள்ளை அடித்தோம். ராஜகனி ஒரு பாயும் தலையணையும் கொண்டுவந்து போட்டாள். ஒரு கட்டில் வாங்கிப் போடட்டுமா என்றேன். அவளைக் கேட்டுட்டு வாங்குங்க என்றாள்.

மார்ச் 10, ஞாயிறு

எட்டு மணிக்கு வந்தாள். ஒரே ஒரு பை. மதிய வண்டிக்கு டிக்கெட். ராஜகனி இட்லி வைத்தாள், சாப்பிட்டாள். பிறகு படி ஏறிய முதல் கதவைத் திறந்து பார்த்தாள். உள்ளே போனாள். ஜன்னலைத் திறந்தாள். ஆறு வருஷமாகப் பெட்டி மறைத்திருந்த ஜன்னல், ஒரு கதவு திறக்கவில்லை. இரண்டு தட்டு தட்டினாள், திறந்தது.

நானும் போய் தரையில் உட்கார்ந்தேன். இந்த அறையில் இவ்வளவு நேரம் நான் எப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

"என்ன நடந்ததுன்னு சொல்லு பாப்பா" என்றேன்.

என்ன வேணும் என்றுதான் இதுவரைக்கும் கேட்டிருக்கிறேன்.

முதலில் என்னைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். பதினொன்றே கால் வரைக்கும் சொன்னாள். அதை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் அதுவும் ஒரு லிஸ்ட் ஆகிவிடும். நடுவில் மூன்று தடவை பேச வாய் திறந்தேன், மூன்று தடவையும் எதையாவது வாங்கிக் கொடுப்பது பற்றித்தான் வந்தது. மூடிக்கொண்டேன். மொட்டைமாடி விஷயம் வெயில் இல்லை என்று மட்டும் எழுதி வைக்கிறேன்.

முடித்துவிட்டு, தூக்கம் வருதுப்பா என்றாள். பாயில் அப்படியே சுருண்டு படுத்தாள். நான் கதவைச் சாத்திவிட்டு வெளியே படியில் உட்கார்ந்திருந்தேன். கீழேயிருந்து யாரோ சரக்கு விலை கேட்டு மேலே வந்தார்கள், சைகை காட்டி அனுப்பினேன். ஒரு மணி வரைக்கும் தூங்கினாள்.

கையில் ஒன்றும் கொடுத்தனுப்பவில்லை. ராஜகனி கட்டிய தயிர்சாதம் மட்டும். இந்த வீட்டிலிருந்து அவள் ஒரு சாமானும் இல்லாமல் கிளம்பியது இதுதான் முதல் தடவை. சென்ட்ரலில் பையை நான் தூக்கிக்கொண்டேன். வண்டி காட்பாடி வழியாகத்தான் போகிறது, வேலூருக்கு அதுதான் ஸ்டேஷன். விமானத்தில் டிக்கெட் போட்டிருக்கலாமே என்றேன். சிரித்தாள். ஆறு வருஷத்தில் அவள் சிரித்து இன்றுதான் பார்த்தேன் என்று எழுத வந்தேன். சரியாகத் தெரியவில்லை, மற்ற நாளில் நான் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

வண்டி கிளம்ப ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஜன்னல் வழியாகச் சொன்னாள்.

"அன்னிக்கு போன்ல இதைக் கேட்டிருந்தா நான் எங்கயும் போயிருக்க மாட்டேன்பா."

தெரியும் என்றேன். எப்போது வருவாய் என்று கேட்க நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. அதுவும் நாள் கணக்குதான். கேட்கவில்லை.

"ரூம் இருக்கு பாப்பா."

"சரிப்பா" என்றாள்.

அது எந்தச் சரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. வண்டி போன பிறகும் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தேன். தள்ளுங்க பெரியவரே என்று போர்ட்டர் சொன்ன பிறகு நகர்ந்தேன்.

மார்ச் 13, புதன்

சேலத்திலிருந்து டிபன் பாக்ஸ் லோடு இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிட்டது. எண்பது பெட்டி. கடையில் இடமில்லை, மாதவரத்து அறையும் நிறைந்துவிட்டது. தெருவை அடைத்து நிற்கிறது லாரி, பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்கின்றன.

"மேல ரூம் காலியாத்தானே அண்ணாச்சி கெடக்கு. ரெண்டு நாளைக்கு ஏத்தி வச்சிருவோமா?" என்றான் சுந்தரபாண்டி.

"அங்க ஆள் இருக்கு."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு முதல் பெட்டியைத் தோளில் தூக்கினான். ஹாலில் சோபாவை நகர்த்தி நான்தான் அடுக்கினேன், எங்கள் படுக்கை அறையிலும் கட்டிலைச் சுற்றி அடுக்கினேன். நானும் ராஜகனியும் ஒருக்களித்துத்தான் நடக்கிறோம்.